நாளைய மேலாளர்: திருத்திய மூன்றாம் பதிப்பு

நான்கு மாவட்டங்களில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கரைத்துக் குடிக்கும் ஒரு கைடை எழுதியவன் நான். அட்டையில் 'பேராசிரியர் தண்டபாணி' என்று போட்டிருக்கும். நான் பேராசிரியர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கடைக்கு மேல்மாடியில் டுடோரியல் நடத்துகிறேன். பட்டத்தை அச்சகத்துக்காரர் தானாகச் சேர்த்தார். நானும் நீக்கச் சொல்லவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு 'நாளைய மேலாளர்' என்ற செய்முறைப் பாடம் பள்ளிகளுக்கு வந்தது. நிர்வாக வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள், அந்த வேலை எப்படி இருக்கும் என்று பள்ளியிலேயே ஒரு வாரம் செய்து பார்க்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். எங்கள் ஊரில் தையல் மெஷின் முன்னால் குனிந்து குனிந்து கழுத்து வலி கண்ட ஒவ்வொரு தாயும், தன் பிள்ளை ஏசி அறைக்குள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறாள். பாடத்தை முதலில் கொண்டாடியதும் அவர்கள்தான்.

ஒரு தனியார் நிறுவனம் கண்ணில் மாட்டும் கருவிகளைப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. மாட்டினால் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனி கண்முன் விரியும். நீங்கள்தான் மேனேஜர். சுழல் நாற்காலி, மேசை, அடிக்கடி ஒருவர் கொண்டுவந்து வைக்கும் டீ. அந்த டீயைக் குடிக்க முடியாது என்பதுதான் பிள்ளைகளின் ஒரே புகார். திங்கட்கிழமை ஷிப்ட் பிரிக்க வேண்டும். செவ்வாய் இருவருக்குள் சண்டை. புதன் கரண்ட் கட். வியாழன் வெளிநாட்டு வியாபாரியின் திட்டு. வெள்ளிக்கிழமை, ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது, முப்பதில் ஐந்து பேரை வேலையை விட்டு நிறுத்த வேண்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கும். படித்துப் பார்த்து ஐந்து எண்களைத் தட்ட வேண்டும். ஐம்பது மதிப்பெண்ணில் முப்பது அந்த வெள்ளிக்கிழமைக்கு.

முதல் வருடம் வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் காலை வாரிவிட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே பத்து, பன்னிரண்டு என்று வாங்கினார்கள். மௌலீஸ்வரன் என்று ஒருவன் மட்டும் முப்பதுக்கு முப்பது. அவனைப் பேக்கரிக்குக் கூட்டிப்போய் இரண்டு பப்ஸ் வாங்கிக் கொடுத்து, எந்த ஐந்து என்று கேட்டேன்.

"4, 9, 15, 23, 28 சார்."

"எப்படிடா கண்டுபுடிச்சே?"

"கண்டெல்லாம் புடிக்கலீங்க சார். வயிறு வலிச்சுதுங்க. சீக்கிரம் வெளிய போகோணும்னு தட்டிவிட்டுட்டுப் போயிட்டேன்."

அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஐந்து எண்களையும் கொட்டை எழுத்தில் அச்சடித்தேன். அடுத்த வருடம் என் கைடை வாங்கி மனப்பாடம் செய்தவர்கள் அத்தனை பேரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்த முப்பது பக்கங்களைப் படித்த பிள்ளை யாருமில்லை. விடை தெரிந்த பிறகு கேள்வியை எதற்குப் படிக்க வேண்டும்?

மூன்றாம் பதிப்பு அச்சுக்குப் போகவிருந்த வாரத்தில் பிரணிதா வந்தாள். முதல் பெஞ்சுப் பிள்ளை. வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் மேசைப் பக்கம் நின்றாள்.

"சார், புதுக் கைடுல 23-ஐ எடுத்துடுங்க சார்."

"எதுக்குக் கண்ணு?"

"எங்கம்மா நம்பருங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கம்பெனி பாப்பா. உள்ள இருக்கறதெல்லாம் பொம்மை."

அவள் சிரிக்கவில்லை. "அவினாசி ரோட்டுல எங்க சித்தி போற கம்பெனில போன தடவை அஞ்சு பேரை நிறுத்துனாங்க சார். டோக்கன் நம்பர் 4, 9, 15, 23, 28. பக்கத்து வீட்டு அக்கா கம்பெனில தீவாளி கழிச்சு நிறுத்துனாங்க. அதே அஞ்சுங்க சார். நான் எழுதி வெச்சிருக்கேன் பாருங்க." நோட்டைக் காட்டினாள். என் கைடின் பதினெட்டாம் பக்கத்தை யாரோ ஊருக்குள் நடத்திக் காட்டியதுபோல் இருந்தது. "அடுத்த மாசம் எங்கம்மா கம்பெனில ஆளைக் கொறைக்கறாங்களாம். எங்களுக்கு அம்மா சம்பளம் மட்டுந்தான் சார்."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கருவிகள் கொடுத்த நிறுவனத்தின் மாவட்டப் பொறுப்பாளர் ஜோயல். சென்னைப் பையன், இருபத்தாறு வயது இருக்கும். பள்ளிகளில் கருவிகளைச் சோதிக்க வருகிறவன். மறுநாள் காலை அவனை அதே பேக்கரியில் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவனும் சுற்றி வளைக்காமல் சொன்னான்.

"ஸ்கூல்களோட போட்ட ஒப்பந்தத்துல எல்லாமே இருக்கு சார். யாரும் படிக்கிறதில்ல. ஆளை வேலையை விட்டு நிறுத்துற முடிவை மெஷின் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சில்ல? ஒரு மனுஷன்தான் எடுக்கணும். எந்த மனுஷன்னு சட்டத்துல போடல."

"அதுக்குத்தானப்பா மேனேஜர்னு ஒருத்தர் இருக்காங்க?"

"மேனேஜருங்களைத்தான் சார் முதல்ல நிறுத்தினாங்க. மத்த வேலையெல்லாம் மெஷின் பார்த்துக்குது. இந்த ஒரு முடிவுக்காக ஒருத்தரை வருஷம் பூரா வெச்சுச் சம்பளம் குடுப்பாங்களா?" தேங்காய் பன்னை டீயில் தோய்த்தான். "அதான் நிஜக் கம்பெனியோட விவரத்தைப் பேரை மட்டும் மறைச்சு, பாடமாக் குடுக்கறோம். பசங்க தட்டுற அஞ்சு பேரைத்தான் கம்பெனி நிறுத்தும்."

"பதினாறு வயசுப் பிள்ளைங்கய்யா!"

"வேலை வாங்கினாத்தான் சார் தப்பு. இது படிப்பு."

"அப்ப இதுங்க எந்த வேலைக்குப் படிக்குதுங்க? மேனேஜர் வேலையே இல்லைங்கற?"

"வேலை குடுக்கறோம்னு நாங்க எங்கயும் சொல்லல சார். ஆர்வத்தை வளர்க்கறோம்னுதான் சொல்லியிருக்கோம்."

என் கைடு எப்படிப் பலித்தது என்பது மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. சரியான விடையை நீங்கள்தானே முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"விடையே கிடையாது சார். எந்த அஞ்சைத் தட்டினாலும் சரிதான். மார்க் தயக்கத்துக்கு. கண்ணு எத்தனை வாட்டி ஒரு பக்கத்துக்குத் திரும்பிப் போகுது, விரல் எத்தனை நேரம் நிக்குதுன்னு கருவி பார்க்கும். தயங்கித் தயங்கி எடுத்த முடிவு நாளைக்கு லேபர் கோர்ட்டுல நிக்காது. சட்டுனு எடுத்தா முழு மார்க்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணத்தில் எனக்கு வேலை போனவர்களின் நினைப்பு வரவில்லை. என் விடை விடையே இல்லை, ஒரு வயிற்றுவலிக்காரன் கைபோன போக்கில் தட்டியது என்பதுதான் சுருக்கென்று குத்தியது. அந்த ஆட்களின் நினைப்பு டீ ஆறிய பிறகுதான் வந்தது. இப்போது இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஜோயல் எழுந்தவன், ஏதோ ஞாபகம் வந்து நின்றான். "ஆனா ஒண்ணு சார். இந்தப் பக்கம் எல்லாப் பசங்களும் எப்படி ஒரே அஞ்சு நம்பரை எடுக்கறாங்கன்னு எங்க ஹெட் ஆபீஸ்ல யாருக்கும் புரியல. கொங்கு மண்டலத்துப் பிள்ளைங்களுக்குப் பிறவியிலயே நிர்வாக உள்ளுணர்வு இருக்குன்னு நாற்பது பக்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதியிருக்காங்க. நீங்க படிக்கணும் சார், நல்லா இருக்கும்."

மேனேஜர் என்று யாருமே இல்லாத நான்கு மாவட்டங்களுக்கு, எனக்கே தெரியாமல் நான் மேனேஜராக இருந்திருக்கிறேன்.

நான் கெட்டவனில்லை. அந்த வாரமே திருந்தப் பார்த்தேன். வகுப்பில் கைடை மூடச் சொன்னேன். நிறுவனம் கொடுத்த மாதிரித் தாளை விரித்து, முப்பது பக்கங்களையும் படித்து நீங்களே ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள் என்றேன். உள்ளே இருப்பவர்கள் நிஜமான ஆட்கள் என்பதையும் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாங்களே எப்படீங்க சார் எடுக்கறது? முக்கியமானது எதுன்னு சொல்லுங்க, படிச்சுக்கறோம்."

"முக்கியமானதுன்னு ஒண்ணும் இல்லடா. யோசிச்சு எடுக்கோணும்."

"யோசிக்கறதெல்லாம் போர்ஷன்ல இருக்குங்களா சார்?"

இருந்தாலும் படித்தார்கள். பாவம், படிக்கத் தொடங்கியதும் மாட்டிக்கொண்டார்கள். 17-ஆம் எண்காரர் மாதம் ஒரு நாள் விடுப்பு எடுக்கிறார், மகனுக்குப் பேச்சுப் பயிற்சி. 6-ஆம் எண்காரிக்கு ஓவர்டைம் என்றால் எப்போதும் சரி. 23-ஆம் எண் யாரோ விதவை, பதினான்கு வருடம் ஒரே மெஷின். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் ஒரு எண்கூட எழுதவில்லை. இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் பெயரை எழுதி வைத்திருந்தான். ஜோயல் சொன்ன கணக்கில் திருத்தினால் வகுப்பில் பெரிய மார்க்கே பதினொன்று.

மறுநாள் காலை ஏழு மணிக்குள் பதினாறு பெற்றோர் போனில் வந்துவிட்டார்கள். "என்னங்க சார், புள்ளைகளக் கொழப்பறீங்களாமா? போன வருசம் மாதிரி நம்பரைக் குடுங்க சார்." கல்லூரியில் இடம் கொடுக்க இந்த மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பசியைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

எண்களே இல்லாமல் கைடு போட முடியுமா என்று யோசித்தேன். பிள்ளைகள் பழைய பதிப்பை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார்கள், 23 அப்படியே இருக்கும். ஒரு எண்ணும் தட்டாமல் விடச் சொல்லலாமா என்றால், ஐந்தும் நிரம்பாமல் திரை மூடாது. எந்த எண்ணை வைத்தாலும் அங்கே ஒரு ஆள் நிற்கிறார். இதையெல்லாம் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அச்சகத்துக்காரர் போன் செய்து, "சார், பக்கத்தை ஓகே பண்றீங்களா இல்லியா? அடுத்த வேலை நிக்குது" என்றார்.

"பதினெட்டாம் பக்கத்துல ஒரே ஒரு திருத்தம். 23-ங்கறதை 24-னு மாத்திடுங்க."

"ஒரு எழுத்துத்தானே? இப்பவே மாத்தியாச்சு."

ஏன் 24? எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் 24-இல் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அட்டையில் 'திருத்திய மூன்றாம் பதிப்பு. பழைய பதிப்பை நம்பி ஏமாறாதீர்கள்' என்று சிவப்பில் போட்டோம். எல்லாப் பிரதிகளும் பத்தே நாளில் போய்விட்டன. படித்தால் தயக்கம் வந்துவிடும், பக்கங்களைத் திறக்காமல் எண்களைத் தட்டிவிட்டு வாருங்கள் என்று வகுப்பில் சொல்லி வைத்தேன்.

பிரணிதாவிடம் புதிய பதிப்பைக் கொடுத்தபோது பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "அம்மாகிட்டச் சொல்லாதீங்க சார், நான் வந்து கேட்டேன்னு" என்றாள். சரி என்றேன். அன்றைக்கு நான் ரொம்ப நல்லவனாக உணர்ந்தேன்.

தேர்வு நடந்தது. எந்தப் பிள்ளையின் கருவிக்கு எந்தக் கம்பெனி வந்தது என்று யாருக்கும் தெரியாது. எந்தத் தாளிலும் பெயர் இல்லை. அன்று மாலை பிரணிதா துள்ளிக்கொண்டு வந்தாள்.

"மூணே நிமிசம் சார்!"

"24-ஓட பக்கத்தைப் பார்த்தியா?"

"இல்லீங்க சார். படிச்சாத் தயக்கம் வந்துரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

முடிவு வந்தது. ஐம்பதுக்கு ஐம்பது. கூடவே நிறுவனத்தின் சான்றிதழ் ஒன்று, 'உறுதியுடன் முடிவெடுக்கும் திறன்: மிகச் சிறப்பு' என்று. பன்னிரண்டாவது முடித்ததும் கோயம்புத்தூரில் நல்ல கல்லூரி ஒன்றில் மேலாண்மைப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிடும் போலிருந்தது.

அதற்கடுத்த வாரம், ஒரு முற்பகலில், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"பிரணிதாவோட அம்மாங்க. சுகந்தி."

"வாங்கம்மா, உக்காருங்க. பாப்பா முழு மார்க்காச்சே!"

"ஆமாங்க. அதுக்கு உங்களைப் பார்த்துச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க." நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "வேலைக்குப் போயிருந்தா இந்நேரத்துக்கு வர முடியாதுங்க. என்னை நிறுத்திட்டாங்க."

"உங்களையா? 23-ஐ எடுத்தாச்சே..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கவனிக்கவில்லை. அல்லது ஊரே அந்த எண்ணைப் பேசுவதால் அதில் ஆச்சரியப்படவில்லை. "23-லதானுங்க இருந்தேன். அந்த நம்பர் ராசியில்லைன்னு எல்லாக் கம்பெனிலயும் பேசிக்கறாங்க. சூப்பர்வைசர்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி 24-க்கு மாறிக்கிட்டனுங்க. 23-க்குப் புதுசா வந்த புள்ளையப் போட்டுட்டாங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம். பத்தொம்பது வயசுதான் இருக்கும், என்னைய அக்கா அக்கான்னு கூப்புடும்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்பர் மாறுனதைப் பாப்பாகிட்டச் சொல்லலீங்க. ஒரு சின்னப் புள்ளைய அங்க தள்ளிவிட்டுட்டு நான் தப்பிச்சேன்னு பெத்த புள்ளைகிட்ட எப்படீங்க சொல்றது? ரெண்டு வாரம் அந்தப் புள்ள மூஞ்சியவே பார்க்கலீங்க நான். லிஸ்ட்ல 24-னு பார்த்ததும் அழுகை வந்துருச்சு. அப்பறம் சரி, அது தப்பிச்சுதேன்னு ஒரு நிம்மதி."

நான்கு மாவட்டங்களில், இத்தனை வருடத்தில், ஒருவரை அந்த ஐந்தில் கொண்டுபோய் வைத்ததற்காகத் தூக்கம் கெட்டவர் இவர் ஒருவர்தான். எனக்கு உட்கார்ந்திருக்கவே கூசியது.

"ஒண்ணு மட்டும் புரியலீங்க சார்," என்றார். "நம்பரை மாத்தியும் என்னையத் தேடிப் புடிச்சு நிறுத்தியிருக்காங்கன்னா, அது நம்பரோட ராசி இல்லீங்களே. என்கிட்டத்தான் என்னமோ குறை இருந்திருக்கு. பதினோரு வருசம் செக்கிங்ல நின்னிருக்கனுங்க. ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல. நல்லாப் படிச்ச மேனேஜரு யாரோ என்னையப் பத்தி எழுதியிருக்கறதைப் படிச்சுப் பார்த்துத்தானுங்க முடிவு பண்ணியிருப்பாங்க? வேலையக் குடுங்கன்னு கேக்கலீங்க. என்ன குறை கண்டாங்கன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். உங்களுக்கு அந்த ஆபீஸ்ல ஆளைத் தெரியும்னு பாப்பா சொல்லுச்சு."

உண்மை என் வாய்வரை வந்தது. சொன்னால் அது என்னோடு நிற்காது, நேராக மகளிடம் போகும். 23-ஐ எடுக்கச் சொல்லி என் மேசை முன் நின்றவள் அவள். மூன்று நிமிடத்தில் தட்டிவிட்டு வந்தவளும் அவள். அவளுக்காகத்தான் வாயை மூடினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. பயம்தான் உண்மையான காரணம்.

போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். யாரையும் அழைக்காமல் காதில் வைத்து, ஆமாம், சரி, அப்படியா என்று இரண்டு நிமிடம் பேசினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"ஜூன் மாசத்துல ரெண்டு நாள் லேட்டா வந்தீங்களாம்."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் போய்த் தேடுகிறார் என்று தெரிந்தது. மெதுவாக அவர் முகம் தெளிந்தது.

"ஆமாங்க," என்றார். "ஸ்கூல் தொறந்த வாரம். பாப்பாவைப் பதினொண்ணாப்புல சேர்க்கறதுக்கு ரெண்டு நாள் அலைஞ்சனுங்க. பத்துப் பதினஞ்சு நிமிசம் லேட்டாச்சு. அதைக்கூட விடாம எழுதி வெச்சிருக்காங்க பாருங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்பச் சரிங்க. தப்பு எம்மேலதான்." எழுந்து, இரண்டு கையையும் கூப்பினார். வந்தபோது இருந்த பாரம் முகத்தில் இல்லை. படிக்கட்டு வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நான்கூட யாரோ கண்ணை மூடிட்டு எடுத்துட்டாங்களோன்னு நெனச்சுட்டனுங்க சார். பாப்பாகிட்டச் சொல்லி வெக்கறேன், மேனேஜரானா இப்படித்தான் ஒவ்வொருத்தரையும் ஒண்ணு விடாமப் பார்க்கோணும்னு."